கொக்குமுனையின் எட்டாம் நாள்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் றோசலின் அக்காவுக்கு 'வியன்னா' என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை. அந்தளவு தைரியம் எங்கள் ஆண்களிடம் இல்லை. அவர் படியேறிக் கோவிலுக்குள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, கார் தரிப்பிடத்தில் நின்று "வியன்னா வந்திட்டுது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்த அதே ஆட்கள் போன ஓகஸ்ட் மாதம் வாயடைத்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதை நாலு பேர் அறியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜோசப்பின். விட்பியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவுக்குப் பூசைக்கு வரும்போது டோர்செட் பார்க்கில் றோசலின் அக்காவை ஏற்றிக்கொண்டு வருவேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பழகவும் மாட்டார். நான் பெரியதுறை ஆள். அவர் கொக்குமுனை. கனடாவுக்கு வந்து முப்பது வருடமானாலும் எங்கள் பங்கில் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் பெயரே கேட்பார்கள்.

பெரியதுறை என்றால் இந்தப் பங்கில் இருநூறு குடும்பம். எங்களுக்கு ஒரு சங்கம், அந்தச் சங்கத்தோடு கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு இன்னொரு சங்கம். மணற்கரையும் அப்படித்தான். கொக்குமுனை என்றால் வெறும் பன்னிரண்டு குடும்பம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மண்துண்டு அந்த ஊர். தொண்ணூறாம் ஆண்டு இலங்கை ஆமி பிடித்தது, இன்னும் விடவில்லை. சிற்றாலயம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. புதிய வரைபடங்களில் அந்தப் பெயரே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, றோசலின் அக்கா ஊரை நினைத்து உருகுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை நான் அப்படி நினைத்து, "ஊர் ஞாபகம் வாறதோ அக்கா?" என்று கேட்டேன்.

"குடிக்க நல்ல தண்ணி இல்லாத ஊரடி அது. எப்பவடா ஓடுவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார். "திரும்பிப் போகச் சொன்னாலும் போகமாட்டன். ஆனா அப்பிடி ஒரு ஊர் இல்லை எண்டு சொல்ல உவை ஆர்?"

அவர் ஓடியது யாழ்ப்பாணத்துக்கு. அங்கே படித்து, ஒரு ரியூட்டரியில் ஏ.எல். பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கலைப்பிரிவு படித்தவர்களுக்குத் தெரியும், ஐரோப்பிய வரலாற்றில் வியன்னா மாநாடு இல்லாமல் வினாத்தாள் வராது. மேலே ஹெலி சுற்றினால் பிள்ளைகள் வாங்குக்குக் கீழே படுப்பார்கள். அது போனதும் எழும்பி, போலந்தைப் பங்குபோட்ட கதையை விட்ட இடத்திலிருந்து எழுதுவார்கள். கனடாவுக்கு வந்து முதலில் கார் சீற் தைக்கிற பக்டரி, பிறகு முதியோர் இல்லத்தில் பிஎஸ்டபிள்யூ என்ற பராமரிப்பு வேலை. பல வருடம் வயோதிபர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி முதுகு போய்விட்டது, வியன்னா போகவில்லை.

கணவர் அன்புராசா அண்ணை சாதுவான மனிதர். ஊர் மணற்கரை. இந்த விபரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் அவரை மடக்கப் பார்த்தார்கள். ஒரே மகள் நடாஷா.

இனி திருவிழாவைச் சொல்லவேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் எங்களுக்கு மாதா திருவிழா. அதற்கு முன் ஒன்பது நாள் மாலையில் நவநாள் பூசை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊரின் பொறுப்பு. அன்று மாதா சொரூபத்துக்கு அந்த ஊர்தான் சோடனை செய்யும், பாட்டும் வாசகமும் அவர்களே, பூசை முடிய ஹோலில் சாப்பாடும் அவர்களே. எல்லாவற்றையும் விட முக்கியம், பூசை தொடங்கும்போது ஃபாதர் "இன்றைய நவநாளைச் சிறப்பிப்போர் இன்ன ஊர் மக்கள்" என்று வாசிப்பார். அப்போது அந்த ஊர் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். கொக்குமுனை என்ற பெயர் உலகத்திலேயே சத்தமாக உச்சரிக்கப்படுவது வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

திருவிழா தொடங்கிய காலத்தில் சீட்டுப் போட்டு நாட்களைப் பிரித்தார்கள். ஏழாம் நாள் மணற்கரைக்கு, ஒன்பதாம் நாள் பெரியதுறைக்கு. நடுவில் எட்டாம் நாள் கொக்குமுனைக்கு விழுந்தது. மணற்கரையும் பெரியதுறையும் சோடனையில் வெட்டுக்குத்து என்றே சொல்லலாம். அவர்கள் ஆயிரம் லைற் போட்டால் நாங்கள் ஓர்க்கிட் பூவை விமானத்தில் இறக்குவோம். கொக்குமுனைக்காரர் மட்டும் மாதாவுக்கு ஒரு வெள்ளைச் சீலை உடுத்தி, இரண்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு இருந்துவிடுவார்கள். "பஞ்சப்பட்ட ஊர்" என்று நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்திருக்கிறேன்.

முந்தின வருடம், எட்டாம் நாளன்று ஹோலை யாரோ கலியாண வரவேற்புக்கு எடுத்துவிட்டார்கள். கொக்குமுனையை முதலாம் நாளுக்குத் தள்ளிவிட்டு, முதலாம் நாள் செய்கிற ஊரை இன்னொரு ஊரோடு சேர்த்துவிட்டார்கள். எட்டாம் நாள் ஹோல் இல்லாத வெறும் பூசை. "சின்ன ஊர்தானே, சமாளிப்பினம்" என்றார்கள். மணற்கரையின் சோடனை எட்டாம் நாளும் அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் பின்னேரம் எங்கள் ஆட்கள் பூப்பெட்டிகளோடு வந்தபோதும் இருந்தது. மணற்கரைத் தலைவர் பத்திநாதன், "எங்கடை ஆக்கள் வேலையாலை வந்துதான் கழட்டுவினம், பொறுங்கோ" என்றார். எங்கள் பெரியதுறைத் தலைவர் எமிலியானுஸ் அண்ணைக்குப் பொறுமை என்ற சாமானே கிடையாது. வயரைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தார். யாரோ அவர் கையைத் தட்டினார்கள். யாரோ யாருடைய சட்டையையோ பிடித்தார்கள். மாதாவின் கையிலிருந்த செபமாலை அறுந்து, மணிகள் எல்லோருடைய சப்பாத்துக்குக் கீழும் உருண்டன. கார் தரிப்பிடம்வரை அடிபட்டுக்கொண்டு போய், கடைசியில் பொலிஸ் வந்தது. வெட்கக்கேடு.

ஃபாதர் ஒரே வசனத்தில் முடித்தார்: நீங்கள் கூடிப்பேசி ஒரு முடிவுக்கு வராவிட்டால் அடுத்த வருடம் திருவிழா இல்லை.

சமாதானம் பேசுவதற்கு ஐந்து பெரிய ஊர்கள் சேர்ந்து 'ஒற்றுமைக் குழு' என்று ஒன்றை அமைத்தன. தலைவர் அருள்நாயகம் அண்ணை. சண்டை பிடித்த இரண்டு ஊருமில்லாத மூன்றாம் ஊர்க்காரர், மோட்கேஜ் ஏஜென்ற். நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். அன்றைக்கு விலக்குப் பிடிக்கப் போய் மூக்குக்கண்ணாடி உடைந்தவர் அவர்தான். அவருடைய பேஸ்மென்றில்தான் கூட்டங்கள். மாரி முழுக்கக் கூடினார்கள். போனவர்கள் சொன்ன கதையைப் பார்த்தால் பேச்சு அரை மணித்தியாலம், கொத்துரொட்டியும் கரோக்கியும் மிச்ச நேரம்.

நான் இதை றோசலின் அக்காவிடம் சொன்னபோது, காரே அதிரும்படி சிரித்தார். "வியன்னாவிலையும் இதுதானடி! பகல்லை நாட்டைப் பிரிச்சாங்கள், இரவிலை டான்ஸ் ஆடினாங்கள்."

வியன்னாவை நான் படித்தது 401 நெடுஞ்சாலையில்தான், வாகன நெரிசலுக்குள். நெப்போலியனை ஒருவழியாக விழுத்திய பிறகு, பிரித்தானியா, ஒஸ்ரியா, ரஷ்யா, பிரஷ்யா என்று நாலு வல்லரசுகள் அங்கே கூடின. நோக்கத்தில் பிழையில்லை என்பார் றோசலின் அக்கா. இனிமேல் ஒருத்தன் எழும்பி முழு ஐரோப்பாவையும் எரிக்கக் கூடாது; அப்படி எவனாவது எழும்பினால் மற்றவர்கள் சேர்ந்து அடக்குவது; பிரச்சினை வந்தால் முதலில் கூடிப் பேசுவது. அதற்கு முன் ஐரோப்பாவில் அப்படியொரு பழக்கமே இல்லை. ஆனால் நடந்தது என்ன? இருபது வருடம் எல்லோரையும் அடித்த பிரான்ஸ், தோற்றுச் சில மாதத்துக்குள் அதே மேசையில் கதிரை எடுத்துக்கொண்டது. ஒருவரையும் அடிக்காத ஜெனோவாவை அயல் அரசனுக்குக் கொடுத்தார்கள். வெனிஸ் ஒஸ்ரியாவுக்கு. பெல்ஜியத்தை ஒல்லாந்தோடு ஒட்டினார்கள். ஏற்கெனவே துண்டாடிக் கிடந்த போலந்தை மறுபடி பங்குபோட்டு முத்திரை குத்தினார்கள். பிறகு நேப்பிள்சிலும் ஸ்பெயினிலும் சனம் அரசனிடம் உரிமை கேட்டு எழும்பியபோது, அதுவும் 'குழப்பம்' என்று படை அனுப்பி அடக்கினார்கள்.

"பாதுகாப்பு எண்டது நல்ல சொல்லுத்தான்," என்பார். "ஆருக்குப் பாதுகாப்பு எண்டு கேட்டாத்தான் கோவம் வரும்."

பங்குனி மாதத்தில் ஹோலில் பொதுக்கூட்டம். அருள்நாயகம் அண்ணை ஒப்பந்தத்தை வாசித்தார். மணற்கரைக்கு ஏழாம், எட்டாம் நாட்கள். பெரியதுறைக்கு ஒன்பதாம் நாளும், திருநாள் பூசையில் பாதியும். ஐந்து ஊரில் எது குழப்பம் செய்தாலும் மற்ற நாலும் சேர்ந்து அதை ஒதுக்கிவைக்கும். இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தனியாக யார் எதைச் செய்தாலும் அதுவும் குழப்பமாகவே கருதப்படும், ஐந்து ஊரும் சேர்ந்து வெளியேற்றும். கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொக்குமுனை மக்கள் இனி மணற்கரையோடை சேந்து எட்டாம் நாளைச் செய்வினம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பிட ரோல்ஸ் சுடச்சுட இருந்தது, கெதியாக முடிக்கவேண்டும் என்ற அவசரம்.

றோசலின் அக்கா எழுந்தார். "அருள் அண்ணை, எங்களை ஆர் கேட்டது?"

"தங்கச்சி, பன்னிரண்டு குடும்பம். அதுவும் பாதிப்பேர் இப்ப பிரம்டனிலை. உம்மடை மனிசனும் மணற்கரைதானே, பிறகென்ன?"

ஹோல் முழுக்கச் சிரித்தது. அன்புராசா அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"கலியாணம் கட்டினது நான்," என்றார் றோசலின் அக்கா. "என்ரை ஊர் கட்டேல்லை."

சிரிப்பு நின்றது. அவர் விடவில்லை. "போன வருசம் அடிபட்டது ஆர்? பெரியதுறையும் மணற்கரையும். அவைக்கு ஆளுக்கு ரெண்டு நாள். அடிபடாத எங்களுக்கு இருந்த ஒரு நாளும் இல்லை. இது என்ன சமாதானம்? இப்பிடித்தான் வியன்னாவிலை பிரான்சைக் கூப்பிட்டு மேசையிலை இருத்திப்போட்டுப் போலந்தைப் பங்கு போட்டவங்கள்!"

"தொடங்கிட்டுது வியன்னா," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஆனால் அருள்நாயகம் அண்ணை சிரிக்கவில்லை. அவரும் அதே யாழ்ப்பாணத்தில், அதே வினாத்தாளுக்குப் படித்தவர்தானே.

"றோசலின், அந்த வியன்னாவாலைதான் ஐரோப்பாவிலை நாப்பது வருசம் வல்லரசுகள் ஒண்டோடை ஒண்டு அடிபடேல்லை," என்றார். "நீர் படிப்பிச்சதுதானே? எத்தினை லட்சம் சனம் சாகாமல் தப்பினது? பெரிய ஆக்கள் அடிபட்டால் சின்ன ஆக்கள்தான் முதல் சாகிறது. எனக்கு நீதி செய்யத் தெரியாது. இந்த வருசம் பொலிஸ் வராமல் திருவிழா நடக்கவேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நேர்மையான பதில். எனக்கே மனம் ஒருமுறை ஆடிப்போனது. ஒரு பூசையும் ஒரு பெயரும்தானே, விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. றோசலின் அக்கா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, ரோல்ஸ் மேசையைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

காரில் நடாஷாவும் இருந்தாள். "அம்மா, வை டோன்ற் யூ ஜஸ்ற் டூ இற் ஒன்லைன்? லைக், ஸூம்ல உங்கட ப்ரேயர வையுங்கோ. நோ ட்ராமா."

"மாதாவும் ஸூமிலையோ வருவா?" என்றார் தாய். அதோடு நடாஷா போனுக்குள் போய்விட்டாள்.

கெனடி வீதிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, "விட்டிடுவமே அக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"விடுறதோ? என்ரை ஊரை ஆமிக்காரன் வரைபடத்திலை இருந்து அழிச்சான். அவனிட்டைத் துவக்கு இருந்தது, என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. இவையிட்டை என்ன இருக்கு? ரோல்ஸ்!" அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். உடனே மூக்கைச் சீறிக்கொண்டு, படிப்பிக்கிற குரலுக்கு வந்துவிட்டார். "ஜோசப்பின், ஆயிரத்து எண்ணூற்று முப்பதிலை ரெண்டு சனம் வியன்னாவை எதிர்த்து எழும்பினது. ஒண்டு போலந்து, மற்றது பெல்ஜியம். போலந்தை ரஷ்யா நசுக்கிப்போட்டுது, ஒருத்தரும் வரேல்லை. பெல்ஜியத்துக்கு மட்டும் அதே வல்லரசுகள் லண்டனிலை கூடி, இது தனி நாடு, இதை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு எழுதிக் குடுத்தவை. ஏன்?"

"பெல்ஜியம் பக்கம் நியாயம் கூடவோ?"

"நியாயம் ரெண்டுக்கும் ஒண்டுதான். இடம் வேறை. பெல்ஜியம் பிரான்சின்ரை கையிலை போனால் பிரித்தானியாவுக்கு நித்திரை வராது. மற்றவன் எடுத்தால் பிரான்சுக்கு நித்திரை வராது. ஒருத்தரும் எடுக்காமல் இருந்தாத்தான் எல்லாருக்கும் நித்திரை." கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "இப்ப நான் பாக்கவேண்டியது, கொக்குமுனை போலந்தோ பெல்ஜியமோ எண்டு."

பச்சை விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஹோன் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. தோற்றுப்போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் பயமாக இருந்தது, ஏனென்றால் றோசலின் அக்கா பேசாமல் இருக்கிறார் என்றால் ஏதோ சமைக்கிறார் என்று அர்த்தம்.

எட்டாம் நாள் பின்னேரம் நான் நேரத்தோடு போனேன். மாதாவின் மேல் முந்தின நாள் போட்ட மணற்கரைச் சோடனை அப்படியே இருந்தது. லைற், சரிகை, பின்னால் சுற்றுகிற சக்கரம், எல்லாம். பத்திநாதன் இன்னும் இரண்டு வரிசை லைற் ஏற்றிக்கொண்டு நின்றார். எங்கள் எமிலியானுஸ் அண்ணை, நாளைய சோடனைக்கு அளவெடுக்கிறேன் என்று ஓர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் அந்த லைற்றுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கொக்குமுனை வந்தது. பன்னிரண்டு குடும்பமும். பிரம்டனிலிருந்தும் வந்திருந்தார்கள். முன்னால் றோசலின் அக்கா, கையில் மடித்த வெள்ளைச் சீலை. பின்னால் அன்புராசா அண்ணை இரண்டு மெழுகுதிரியோடு. தன் சொந்த ஊர் ஆட்களைத் தாண்டி அவர் நடந்து வந்தார். அந்தச் சாது மனிதரா!

"எங்கடை நாளைச் செய்ய வந்திருக்கிறம்," என்றார் றோசலின் அக்கா.

பத்திநாதன் ஏணியிலிருந்து கத்தினார். அருள்நாயகம் அண்ணை ஓடிவந்தார். "தங்கச்சி, ஒப்பந்தம் இருக்கு. இது குழப்பம். ஐஞ்சு ஊரும் சேந்து உங்களை வெளியிலை அனுப்பவேண்டி வரும். என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவராதையும்."

"சரி அண்ணை. ஐஞ்சு ஊரும் சேந்து சொல்லட்டும், நான் போறன். போறதுக்கு முதல் ஒரு கேள்வி. நாளைக்கு ஒன்பதாம் நாள். இந்தச் சோடினையை ஆர் கழட்டுறது?"

"நாங்கள்தான்," என்றார் பத்திநாதன். "எங்கடை லைற், எங்கடை காசு. வேறை ஒருத்தன் கைவைக்கக் கூடாது."

"எத்தினை மணிக்குக் கழட்டுவியள்?" எமிலியானுஸ் அண்ணையின் அளவு நாடா சடாரென்று உள்ளே போனது. "போன முறை மாதிரி எங்களைப் பூவோடை வெயில்லை நிப்பாட்டவோ?"

"போன முறை வயரை இழுத்தது ஆர்?"

"கையைத் தட்டினது ஆர்?"

அவ்வளவுதான். மாரி முழுக்கக் கொத்துரொட்டி தின்று கட்டிய ஒற்றுமை, ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிட்டது. பத்திநாதன் ஏணியால் இறங்கினார். எமிலியானுஸ் அண்ணை கைச்சட்டையை மடித்தார். அருள்நாயகம் அண்ணை மற்ற இரண்டு ஊர்த் தலைவர்களையும் திரும்பிப் பார்த்தார். ஒப்பந்தப்படி எல்லோரும் சேர்ந்து அடக்கவேண்டிய நேரம். ஒருவர் போனில் யாருடனோ பேசப் போய்விட்டார். மற்றவர், "உது உங்கடை ரெண்டு பகுதியின்ரை பிரச்சினை, எங்களை இழுக்காதையுங்கோ" என்று பின்னுக்குப் போனார். பாவம், அருள்நாயகம் அண்ணை தன் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

றோசலின் அக்கா அசையவில்லை. கொஞ்சம் கத்தவிட்டார். பிறகு, ரியூட்டரியில் நூறு பிள்ளைகளை அடக்கிய அந்தக் குரலில் கேட்டார்:

"இவ்வளவு வருசமா உந்த ரெண்டு ஊரும் அடிபடாமல் இருந்தது ஏன்? நல்ல மனசாலையோ? ஏழாம் நாள் சோடினையை எட்டாம் நாள் ஆர் கழட்டினது?"

பத்திநாதன் அன்புராசா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்கள் கழட்டினது. ஒவ்வொரு லைற்றாக் கழட்டி, வயரைச் சுத்தி, பெட்டியிலை போட்டு, பத்திநாதன் அண்ணை, உங்கடை வீட்டு வாசல்லை கொண்டுவந்து தந்தது இந்த மனிசன்தான்." அன்புராசா அண்ணையைக் காட்டினார். "ஒன்பதாம் நாள் நீங்கள் வரேக்கை, எமிலியானுஸ் அண்ணை, மாதா வெள்ளைச் சீலையோடை நிண்டவ. ஆற்றையும் சோடினையிலை நீங்கள் கைவைக்கவேண்டி வரேல்லை. எங்களை ஒரு வருசம் நடுவிலை இருந்து எடுத்தியள். அந்த வருசமே பொலிஸ் வந்தது."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பஞ்சப்பட்ட ஊர் என்று நாங்கள் சிரித்த அந்த வெள்ளைச் சீலைதான் இத்தனை காலம் எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. சீட்டில் தற்செயலாக விழுந்த ஒரு நாள். அதன் பெறுமதி தெரியாமல், சமாதானம் என்ற பெயரில் அதையே விழுங்கப் பார்த்திருக்கிறோம்.

அருள்நாயகம் அண்ணை கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு றோசலின் அக்காவைப் பார்த்தார். "பெல்ஜியமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. பெல்ஜியம்."

"சரி. எட்டாம் நாள் உங்களுக்கு. நான் ரெண்டு பகுதியோடையும் கதைக்கிறன்."

"தாற மாதிரித் தரவேண்டாம். அது எங்கடை நாள். ஐஞ்சு ஊரும் கையெழுத்து வைக்கவேணும், இந்த நாளை ஒருத்தரும் தொடுறேல்லை எண்டு. அடுத்த கூட்டத்திலை உங்கடை மேசையிலை எனக்கும் ஒரு கதிரை வேணும்."

அவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, களைப்புத்தான் இருந்தது. "பெல்ஜியத்துக்கும் எழுதித்தான் குடுத்தவங்கள், தங்கச்சி. தொளாயிரத்துப் பதினாலிலை என்ன நடந்தது? எழுதிக் குடுத்தவனே மிதிச்சுக்கொண்டு போனான்."

"போனான். ஆனா மிதிக்கேக்கை, இவன் சொல்லு மாறினவன் எண்டு முழு உலகமும் சொன்னது. பிரித்தானியா யுத்தத்துக்கே வந்தது. எண்ணூற்று முப்பதிலை போலந்தை மிதிக்கேக்கை ஆர் வந்தது? எழுதினால் நாங்கள் தப்புவம் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. சத்தமில்லாமல் எங்களை அழிக்க ஏலாது எண்டுதான் சொல்லுறன்."

அருள்நாயகம் அண்ணை ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, பத்திநாதனை ஏணியை விட்டு விலகச் சொன்னார்.

பிறகு கொக்குமுனைப் பெண்கள் ஏணியில் ஏறினார்கள். ஒவ்வொரு லைற்றாகக் கழற்றி, கீழே நின்றவர்கள் வயரைச் சிக்கில்லாமல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். பத்திநாதன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. றோசலின் அக்கா வெள்ளைச் சீலையை மாதாவுக்கு உடுத்தி, கொசுவத்தைச் சரிசெய்தார். முதியோர் இல்லத்தில் எத்தனை பேருக்கு உடுப்புப் போட்டுவிட்ட கை, ஒரு மடிப்பும் பிசகவில்லை.

கோவில் நிரம்பியது. மணி அடித்தது. ஃபாதர் பலிபீடத்துக்கு வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தார். அது அச்சடித்து எப்போதோ கொடுத்த தாள். பின்னேரம் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது.

"இன்றைய எட்டாம் நாள் நவநாளைச் சிறப்பிப்போர் மணற்கரை, கொக்குமுனை மக்கள்..."

மணற்கரை ஆட்களில் சிலர் பழக்கத்தில் எழும்பப் பார்த்து, பாதியில் நின்றார்கள். றோசலின் அக்கா எழுந்தார். பூசையில் குருவை மறித்துப் பேசிய ஒரு ஆளை நான் என் ஆயுளில் கண்டதில்லை. எங்கள் சனம் ஆமிக்காரனை எதிர்த்துப் பேசும், ஃபாதரை எதிர்த்துப் பேசாது.

"ஃபாதர், மன்னிக்கவேணும். கொக்குமுனை மட்டும்."

ஃபாதர் அவரைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த அருள்நாயகம் அண்ணையைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். ஃபாதர் பத்திநாதனையும் பார்த்தார். பத்திநாதன், வேண்டாவெறுப்பாக, தன் ஆட்களை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஃபாதர் தாளை மடித்து வைத்துவிட்டு, மைக்குக்குக் கிட்ட வந்தார்.

"இன்றைய எட்டாம் நாள் நவநாளைச் சிறப்பிப்போர் கொக்குமுனை மக்கள்."

பன்னிரண்டு குடும்பமும் எழுந்து நின்றது. அன்புராசா அண்ணையும் நின்றார். கடைசி வாங்கில் நடாஷா போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள், அந்த ஊரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மற்ற எல்லோரும் வாங்குகளில் இருந்தபடி அவர்களைத் திரும்பிப் பார்த்தோம். றோசலின் அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஃபாதர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அக்கா மட்டும் இருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.